மதிப்பும் எண்ணும்: சமூக ஊடகத்தில் நம் பிள்ளைகள்



சவுல் அரசர் என்றதும் தாவீதின்மீது ஈட்டி எறிந்த மனிதராகத்தான் அவர் நம் நினைவுக்கு வருகிறார். அந்த ஈட்டி எறியப்படுவதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்பதைச் சாமுவேல் முதல் நூலின் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. கோலியாத்து வீழ்ந்துவிட்டான். படை ஊர் திரும்புகிறது. இஸ்ரயேலின் எல்லா நகர்களிலிருந்தும் பெண்கள் புறப்பட்டு, மேளமும் பாட்டும் ஆட்டமுமாக அரசரை வரவேற்க வருகிறார்கள். அவர்கள் பாடிய பாட்டில் சவுலின் பெயரோடு ஆயிரம் என்ற எண் வருகிறது. தாவீதின் பெயரோடு பதினாயிரம் என்ற எண் வருகிறது. அவ்வளவுதான். அன்று முதல் சவுலின் கண் தாவீதைவிட்டு அகலவில்லை. மறுநாளே ஈட்டி பறந்தது.

யாரும் சவுலைத் திட்டவில்லை, கவனியுங்கள். புகழ்ந்துதான் பாடினார்கள். ஆயிரம் என்பது சிறிய எண்ணும் அல்ல. பக்கத்தில் பதினாயிரம் வந்து நிற்காதவரை அது பெருமையாகவே இருந்திருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சவுலின் மனம் அந்தப் பாட்டினால்தான் முதன்முதலாகக் கலங்கியது என்று விவிலியம் சொல்லவில்லை. இரண்டு அதிகாரங்களுக்கு முன்பே, 16ஆம் அதிகாரத்திலேயே, அவர் அமைதியிழந்து தவிக்கிறார். ஏற்கெனவே புண்ணாகியிருந்த இடத்தில்தான் அந்த எண் போய்த் தைத்தது.

இந்த வாரம் நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, சமூக ஊடகங்களும் இளையோரின் மனநலமும். இத்தலைப்பில் பேச உட்கார்ந்தபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது சவுலின் கதைதான். அரசர் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை கேட்ட பாட்டை, நம் வீட்டுப் பதினான்கு வயதுப் பிள்ளை இன்று ஒரு நாளில் ஐம்பது முறை கேட்கிறது.

பெரியவர்கள் பலருக்கு இது எப்படி நடக்கிறது என்பதே தெரியாது. 'எந்நேரமும் போனை நோண்டுகிறான்' என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் பேஸ்புக் 'லைக்' பொத்தானைக் கொண்டுவந்தது. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கியது. அதற்கு முன்பும் பிள்ளைகள் படம் எடுத்தார்கள், நண்பர்களுக்குக் காட்டினார்கள். அந்தப் படத்தின் அடியில் எண் இருந்ததில்லை. இப்போது ஒவ்வொரு படத்துக்கும் எண் உண்டு. எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று எல்லாமே எண்தான். பக்கத்து வகுப்புப் பெண்ணின் எண்ணும் அதே திரையில், அதே அளவு எழுத்தில் தெரியும்.

ஸ்னாப்சாட் என்ற செயலியில் 'ஸ்ட்ரீக்' என்று ஒன்று இருக்கிறது. இரண்டு நண்பர்கள் தினமும் ஒருவருக்கொருவர் ஒரு படமாவது அனுப்பிக்கொண்டே வந்தால், பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். நூறு நாள், இருநூறு நாள் என்று ஏறும். ஒரு நாள் தவறினால் எண் அழிந்துவிடும். தியானத்துக்கோ தேர்வுக்கோ போகிற பிள்ளைகள், இந்த எண் அறுந்துவிடக் கூடாது என்று தங்கள் கடவுச்சொல்லை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. சுவரையோ தரையையோ படம் எடுத்து அனுப்புவார்கள். பேச ஒன்றும் இருக்காது. நட்பு இருக்கிறதோ இல்லையோ, எண் இருக்க வேண்டும்.

ஆனால், பிள்ளைகளைக் குறைசொல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எண்ணால் மனிதரை அளக்க அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது யார்? 'மதிப்பெண்' என்ற சொல்லையே பாருங்கள். மதிப்பும் எண்ணும் ஒட்டிக்கொண்ட சொல் அது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று வீட்டுக்கு வருகிற உறவினர் கேட்கும் முதல் கேள்வி எது? '470ஆ? அவள் 486 எடுத்தாளாமே!' மாணவர்களின் மன உளைச்சலைக் கருதி 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. நல்ல முடிவு. தெருமுனை ஃபிளெக்ஸ் பலகைகள் மட்டும் நிற்கவில்லை. ஆகவே கைபேசி நம் வீட்டுக்குள் வந்தபோது நிலம் உழுது தயாராக இருந்தது. விதைக்க வேண்டியதுதான் பாக்கி.

மனிதர் தம்மைத் தனியே நின்று அளந்துகொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவரை வைத்தே அளந்துகொள்கிறார் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார். அன்று பக்கத்தில் இருப்பவர் என்றால் தெருவில் இருப்பவர், வகுப்பில் இருப்பவர். அவர்களுடைய நல்லதையும் நாம் பார்த்தோம், கஷ்டத்தையும் பார்த்தோம். அடுத்த வீட்டுப் பெண் அழகாக உடுத்திக் கோயிலுக்குப் போவதும் தெரியும், அவள் அப்பா குடித்துவிட்டு வந்து கத்துவதும் கேட்கும். திரையில் வருகிற அண்டை வீட்டாரிடம் கத்தல் சத்தம் கேட்பதில்லை. நாற்பது படம் எடுத்து, ஒன்றைத் தேர்ந்து, தோலை வெளுப்பாக்கி, கன்னத்தை ஒடுக்கி, அதன்பிறகு போடப்பட்ட முகம் அது. அதோடு தன் கண்ணாடி முகத்தை வைத்து ஒப்பிடுகிறாள் நம் பிள்ளை. கறுப்பு நிறத்தைக் குறையாகப் பேசும் பழக்கம் நம்மிடையே இன்னும் சாகாத நிலையில் இந்த ஒப்பீடு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனம் தனக்குள்ளேயே செய்துகொண்ட ஆய்வுகள் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் வெளிவந்தன. தங்கள் உடலமைப்பைப் பற்றி ஏற்கெனவே மனக்குறை கொண்டிருந்த பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு, இன்ஸ்டாகிராம் அந்தக் குறையைக் கூட்டியது என்று அவற்றில் இருந்தது. ஆவணங்களை வெளிக்கொணர்ந்த முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன், அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சி சொன்னார். தன் ஆய்வில் இளையோர் பலர் அச்செயலி தங்களுக்கு உதவியாக இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள் என்று நிறுவனம் பதிலளித்தது. அந்தப் பதிலிலும் உண்மை இல்லாமல் இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

திரையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாததற்கும் காரணம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு மனவுறுதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. புத்தகத்துக்கு அதிகார முடிவு உண்டு. திருப்பலிக்கும், ஏன், நமது மறையுரைக்குமே ஒரு முடிவு உண்டு (சில வாரங்களில் அது தாமதமாக வருகிறது என்ற புகாரும் நம் காதுக்கு எட்டியிருக்கிறது). கைபேசியில் விரலால் தள்ளத் தள்ள முடிவே வராமல் ஓடும் பக்கத்தை 2006ஆம் ஆண்டு வடிவமைத்தவர் அசா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். எங்கே நிறுத்துவது என்ற அடையாளம் எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்து வருவது நன்றாக இருக்குமா, சலிப்பாக இருக்குமா என்பதும் தெரியாது. பி. எப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதித்தபோது, எப்போது தானியம் விழும் என்று கணிக்க முடியாதபடி வைக்கப்பட்ட புறாக்கள் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தன. அந்தப் புறாவை நாம் திட்டுவதில்லை.

இதில் முதலில் பறிபோவது தூக்கம். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பதினொன்றரைக்குப் படுத்து, போர்வைக்குள் ஒன்றரைவரை ரீல்ஸ் பார்த்து, ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழுந்து ஓடும் பிள்ளைக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம். ஒரு வாரம் அப்படித் தூங்கினால் பெரியவர்களுக்கே எரிச்சலும் அழுகையும் வரும். பிள்ளையின் சிடுசிடுப்பைக் குணக்கேடு என்று எண்ணுகிறோம். பல வீடுகளில் அது தூக்கக்கேடு.

இதெல்லாம் உறுதியான உண்மையா, அல்லது ஒவ்வொரு தலைமுறையும் புதியதைக் கண்டு பயப்படும் வழக்கமான பயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அறிஞர்களிடையிலும் ஒரே கருத்து இல்லை. அமெரிக்காவின் தலைமை மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் செலவிடும் பதின்வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் வாய்ப்பு இருமடங்கு என்று அது சுட்டிக்காட்டியது. 2019இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள், லட்சக்கணக்கான இளையோரின் தகவல்களை அலசி, எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் மனநலத்தில் உள்ள வேறுபாட்டில் அதிகம் போனால் 0.4 விழுக்காட்டுக்கே மின்னணுத் திரைகள் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். சோகமாக இருப்பதால் பிள்ளை போனைத் தேடுகிறதா, போனைத் தேடியதால் சோகமானதா என்பதும் எளிதில் பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.

இரண்டும் முரணாகத் தோன்றலாம். சவுலை நினைத்துக்கொண்டால் நமக்கு ஓரளவு புரியும். அந்தப் பாட்டை அன்று ஆயிரம் பேர் கேட்டார்கள். சராசரி எடுத்தால் பாட்டினால் ஒரு தீங்கும் இல்லை என்றுதான் வந்திருக்கும். ஒருவரை மட்டும் அது குலைத்தது. எல்லாப் பிள்ளைகளையும் சமூக ஊடகம் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. பலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்கு அது உயிரைத் தொடும் விஷயம். லண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி 2017இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள். அவளுடைய கணக்கை ஆராய்ந்தபோது, கடைசி ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் விரும்பிய, சேமித்த, பகிர்ந்த ஏறக்குறைய 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் மனச்சோர்வையும் தற்காயத்தையும் தற்கொலையையும் பற்றியவை. அவற்றில் சிலவற்றை அவள் தேடிப் போகவில்லை. இயந்திரக் கணக்கே தேர்ந்து அவளிடம் கொண்டுவந்து சேர்த்தது. 2022 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவளுடைய சாவில் இணையப் பதிவுகளுக்கும் பங்குண்டு என்று தீர்ப்பில் பதிவுசெய்தார். நம் வீட்டில் இருப்பது எந்தப் பிள்ளை என்று சராசரி நமக்குச் சொல்லாது.

இனி, கடலுக்கு அப்பாலிருந்து நம் கோயில் வளாகத்துக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஒரு பங்கில் நடந்ததை, அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடு, ஊர் பெயர் இல்லாமல் சொல்கிறோம்.

பதினோராம் வகுப்பு படிக்கும் பெண். பாடகர் குழுவில் முதல் வரிசை. பங்குத் திருவிழாவில் அவள் வாயைத் திறந்து உச்ச சுரத்தில் பாடும் நொடியை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படம் அவளுடைய பள்ளியின் 'கன்ஃபெஷன் பேஜ்' ஒன்றில் வந்தது. பெற்றோர் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் நடத்தும் பக்கம் அது. நடத்துபவர் யார் என்று தெரியாது, எழுதுபவர் பெயரும் வெளிவராது. நாம் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வைத்திருக்கும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நம் பாவமன்னிப்புத் தொட்டியில் ஒருவர் தம் பாவத்தைச் சொல்வார், கேட்பவர் வெளியே சொல்ல மாட்டார். அங்கே அடுத்தவரைப் பற்றிச் சொல்வார்கள், ஊரே கேட்கும். அவளுடைய நிறத்தையும் பல்லையும் வைத்து இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

அடுத்த ஞாயிறு அவள் பாட வரவில்லை. தொண்டை வலி என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் தொண்டை வலி. இரவுச் சாப்பாடு குறைந்தது. 'பரீட்சை பயம்' என்றார் அம்மா. 'எல்லாம் அந்தப் போனால வர்றது, ஒருநாள் தூக்கி உடைக்கப்போறேன்' என்றார் அப்பா. ஐந்து வாரம் இப்படியே போனது. அவளோ ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பக்கத்தைத் திறந்து எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். 200, 310, 400.

அவளுடைய பழைய மறைக்கல்வி ஆசிரியை ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்ப வேண்டுமென்றால் மகனைக் கூப்பிடுகிறவர். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடுக்களை வாசலில் அவள் ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரையில் பாதியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'ஏம்மா, தொண்டை இன்னும் சரியாகலையா?' என்று மட்டும் கேட்டார். கீரை முடியும்வரை இருவரும் பேசவில்லை. கடைசிக் காம்பை உருவும்போது அவள் அழத் தொடங்கினாள்.

'இவ்வளவு நாள் ஏம்மா அம்மாகிட்ட சொல்லல?'

'சொன்னா அப்பா போனைப் பிடுங்கிடுவாரு டீச்சர்.'

பெற்றோரே, இந்தப் பதிலை நாம் நின்று கேட்க வேண்டும். அவளுக்கு வலியைத் தந்ததும் அந்தப் போன்தான். ஆனாலும், அவளைக் கிண்டல் செய்யாத இரண்டு தோழிகளும் அதற்குள்ளேதான் இருந்தார்கள். போன் போனால் வலி நிற்காது, அந்தப் பக்கமும் நிற்காது, துணை மட்டும் போய்விடும். அதனால் மௌனமே மேல் என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முடிவெடுத்தது. உடைப்பேன், பிடுங்குவேன் என்று நாம் சொல்லும்போதெல்லாம், 'உனக்கு ஏதாவது நேர்ந்தால் என்னிடம் சொல்லாதே' என்பதுதான் பிள்ளையின் காதில் விழுகிறது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் தாமதமாகக் கணக்குத் தொடங்குவது நல்லது என்பதே நம் எண்ணமும். ஆனால் எந்தச் சட்டமும் அடுக்களை வாசலில் வந்து உட்காராது.

அவள் சொன்ன இன்னொன்றை நாம் மறக்க முடியவில்லை. எழுதியவர்கள் யார் என்று தெரியாததால் அது அவ்வளவு வலிக்கவில்லையாம். பட்டியலைத் திறந்து, இதயப் பொத்தானை அழுத்தியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறாள். அதில் மூன்று பேர் அவளோடு பாடகர் குழுவில் நிற்பவர்கள். ஞாயிறு காலை அவளோடு ஆமென் பாடுகிறவர்கள்.

அந்த மூவரும் கெட்ட பிள்ளைகள் அல்லர். 2016ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 32 பதின்வயதினரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மூளையின் செயல்பாட்டைப் படமெடுத்துக்கொண்டே அவர்களுக்கு இன்ஸ்டாகிராமைப் போன்ற திரையில் படங்களைக் காட்டினார்கள். ஒரு படத்துக்கு எத்தனை லைக் என்பதை ஆய்வாளர்களே தீர்மானித்து வைத்திருந்தார்கள். எந்தப் படத்தின் அடியில் எண் பெரிதாக இருந்ததோ அந்தப் படத்தையே பிள்ளைகளும் கூடுதலாக விரும்பினார்கள். தங்கள் சொந்தப் படத்துக்கு நிறைய லைக் விழுந்ததைக் கண்டபோது, மகிழ்ச்சியை உணரும் மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. ஆகவே 397 பேர் அழுத்திய இடத்தில் 398ஆவது விரல் யோசிக்காமல் அழுத்துகிறது. கூட்டத்தில் ஒருவராகக் கத்துவது எளிது என்பது எருசலேமில் பிலாத்துவின் முற்றத்திலிருந்தே நமக்குத் தெரிந்ததுதானே. நாம் ஒருவருக்கொருவர் உறுப்புகள் என்ற பவுலடியாரின் எபேசியர் திருமுகச் சிந்தனையை வைத்துத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு நாள் செய்தியை எழுதினார். வலைத்தளத்தில் உறவைத் தேடிப்போய், சமூகத்தைவிட்டு ஒதுங்கிய துறவிகளைப்போல ஆகிவிடும் இளையோரைப் பற்றி அதில் கவலைப்பட்டார். உறுப்பு என்றால், அந்த இதயப் பொத்தானை அழுத்திய விரலும் அவளுடைய உடலின் உறுப்புதான்.

இங்கே நாம் வேறு சிலவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பெருந்தொற்றுக் காலமான 2020இல் கோயில் கதவுகள் மூடியிருந்தபோது இதே யூடியூப்தான் திருப்பலியை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது. நன்றி மறக்கக் கூடாது. அந்தக் கதவுகள் திறந்த பிறகும், நேரலையை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நம் பங்குகளிலும் எண்ணத்தானே செய்கிறோம்? பக்கத்துப் பங்கின் தேர்பவனிக் காணொளிக்கு நம்மைவிட அதிகப் பார்வைகள் வந்தால் விழாக்குழுவின் முகம் மாறத்தானே செய்கிறது? முதல் நற்கருணை வாங்கும் குழந்தை பீடத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கிறது. அதற்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குழந்தை அல்ல.

புனித கார்லோ அகுதிஸைப் போல இருங்கள் என்று இளையோரிடம் இப்போது அடிக்கடி சொல்கிறோம். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ அவரைப் புனிதராக அறிவித்ததிலிருந்து சொல்லாத பங்கே இல்லை. நற்கருணை அற்புதங்களைப் பற்றி இணையத்தில் தொகுத்து வைத்த அந்தப் பையன் நமக்கு நல்ல முன்மாதிரிதான். ஆனால் அவர் 2006ஆம் ஆண்டு, 15 வயதில் இறந்தார். லைக் பொத்தான் அப்போது இல்லை. தம் முகத்துக்கு அடியில் எண் இருக்கும் வாழ்க்கையை அவர் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. 'கார்லோவைப் பார், உன்னைப் பார்' என்று சொன்னால் அதுவும் ஓர் ஒப்பீடுதான். புனிதரைப் பதினாயிரமாக்கி நம் பிள்ளையை ஆயிரமாக்குகிறோம்.

மனச்சோர்வைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், சாப்பிடாமல், பிடித்தவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒதுங்கினால், அது பாவத்தின் விளைவும் அல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. செபிக்கலாம், செபிக்க வேண்டும். தியான இல்லத்துக்கு அழைத்துப்போய்க் கைவைத்து மன்றாடுவதோடு நின்றுவிடக் கூடாது. சவுலின் அரண்மனையில் இருந்தவர்களே நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். அரசர் கலங்கியபோது, யாழ் மீட்டத் தெரிந்த ஒருவனைத் தேடிப்பிடித்து அவரருகில் உட்கார வைத்தார்கள். வந்தவன் தாவீது. இன்று நமக்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், 'அப்படி எண்ணம் வருகிறதா?' என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அன்றே உதவிக்கு ஓடுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். இந்த ஓர் எண்ணை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

அதே 18ஆம் அதிகாரத்தில் இன்னொருவரும் இருக்கிறார், யோனத்தான். அந்தப் பாட்டினால் உண்மையில் இழக்கக்கூடியவர் அவர்தான். அரியணைக்கு உரிய இளவரசர். அவர் எண்ணவில்லை. தம் மேலங்கியையும் வாளையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தார். பின்னொரு நாள் தாவீது உயிருக்குப் பயந்து பாலைநிலத்தில் ஒளிந்திருந்தபோது, யோனத்தான் எழுந்து அவரிடம் போய், கடவுளின் பெயரால் அவரைத் திடப்படுத்தினார் என்று 23ஆம் அதிகாரம் சொல்கிறது. வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை 2023 மே மாதம் சமூக ஊடகங்களைப் பற்றி வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை, நல்ல சமாரியர் உவமையை மையமாகக் கொண்டது. அங்கேயும் அடிபட்டுக் கிடந்தவரை மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று 'பார்வைகள்'. ஒருவர்தான் கழுதையைவிட்டு இறங்கினார்.

அந்தப் பெண்ணின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆசிரியை அம்மாவிடம் சொன்னார். அம்மா அப்பாவிடம் சொல்லும்போது ஆசிரியையும் உடன் இருந்தார். அப்பா கத்தவில்லை. நெடுநேரம் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தாராம். பள்ளியில் புகார் கொடுத்தார்கள். சில நாள்களில் அந்தப் பதிவு நீங்கியது, பக்கத்தை நடத்தியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பாடகர் குழுவின் மூவரில் ஒருத்தி வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். மற்ற இருவரும் வரவில்லை. இரண்டு மாதம் மனநல ஆலோசகரைப் பார்த்தார்கள். தன் கணக்கில் லைக் எண்ணிக்கை தெரியாதபடி அவளே மறைத்துவைத்தாள். அந்த வசதி 2021 மே மாதத்திலிருந்தே இன்ஸ்டாகிராமில் இருக்கிறது, அவளுக்கு அதுவரை தெரியவில்லை.

இப்போது பாட வருகிறாள், இரண்டாம் வரிசையில். வீட்டில் ஒரு புதிய ஏற்பாடு. இரவு ஒன்பதரைக்கு எல்லாருடைய போனும் முன்னறையில் ஃபிரிட்ஜ்மேல் சார்ஜில் இருக்க வேண்டும், அப்பாவுடையதும் சேர்த்து. போன வாரம் பத்து மணிக்கு அவருடைய போனில் 'டிங்' என்று ஒரு சத்தம். செபமாலை முடித்துப் பாயை விரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து இரண்டடி வைத்துவிட்டாராம்.

'அப்பா, காலையில பாத்துக்கலாம்' என்றாளாம் மகள்.